கச்சான் காலத்து வாசிப்பு

நாவல்களில் பெண் போகிறாள்.

பெட்டி கட்டுகிறார்கள். அழுகிறார்கள். வண்டி நகர்கிறது. இன்னொரு வீட்டு வாசலில் அவள் இறங்குகிறாள். அந்த வீட்டின் மணம் வேறு. அடுப்பின் உயரம் வேறு. அங்கிருந்து கதை தொடங்குகிறது.

மட்டக்களப்புப் பக்கம், ஓட்டமாவடியில் பெண் போவதில்லை.

மாப்பிள்ளை வருகிறார்.

*

லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவே ஒரு நேரம் இருக்கிறது. சட்டி பானை கழுவியாகிவிட்டது. கோழிகள் நிழலில். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

அந்த நேரத்தில் வாசிக்கிறேன்.

கச்சான் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஈரமில்லாத காற்று. உதடு வெடிக்கிறது. தாள்கள் தாமாகப் புரள்கின்றன. விரலால் பிடித்துக்கொள்கிறேன்.

*

சில மாதங்களாகக் கைக்கு வருவதெல்லாம் கலியாணத்தைப் பற்றிய நாவல்கள். தேடிப் போகவில்லை. ஒன்று முடிய இன்னொன்று வருகிறது. சில நூலகத்தில். சில கொழும்புக்குப் போய்வருகிற தம்பியின் பையில்.

வாசித்ததை யாரிடமும் சொல்வதில்லை. அது உள்ளே கிடக்கிறது.

இந்தக் கொப்பியில் கொஞ்சம் எழுதுகிறேன்.

*

'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879.

பள்ளிக்கூடத்தில் சோதனைக்காகப் பாடமாக்கிய பெயர். தமிழின் முதல் நாவல். எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. பெயரும் ஆண்டும் மட்டும் இத்தனை காலம் கூட இருந்திருக்கின்றன. இப்போது உள்ளே போகிறேன்.

பிரதாபனும் ஞானாம்பாளும் சேர்ந்து வளர்கிறார்கள். சேர்ந்து படிக்கிறார்கள். கலியாணம் பேசுகிறார்கள். பேச்சு முறிகிறது.

முறிவதற்குக் காரணம், வீடு.

மாப்பிள்ளை எங்கள் வீட்டோடுதான் இருக்க வேண்டும் என்கிறார் பெண்ணின் தகப்பன். அது ஆகாது என்கிறார் பையனின் தகப்பன்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைக்கிறேன்.

தமிழில் நாவல் என்று ஒன்று பிறக்கும்போதே இந்தக் கேள்வியும் கூடவே பிறக்கிறது. எந்த வீடு?

அந்தத் தகப்பன்மாரை ஓட்டமாவடிக்குக் கொண்டுவந்து இருத்தினால் சண்டை பிடிக்க ஒன்றுமிராது. பதில் ஏற்கனவே கல்லும் சீமெந்துமாக எழும்பி நிற்கிறது.

*

பின் வளவில் ராத்தாவின் மகளுக்கு வீடு கட்டுகிறார்கள்.

கரண்டி கல்லில் உரசும் சத்தம். வாளியில் தண்ணீர் விழும் சத்தம். மேசன் எதையோ முணுமுணுக்கிறார். பாட்டா, கணக்கா, தெரியவில்லை.

யன்னல் நிலைகள் வந்துவிட்டன. சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்கள். மரத்தின் பச்சை வாசம்.

வீடு முதலில். மாப்பிள்ளை பிறகு.

*

மட்டக்களப்புப் பக்கத்தில் தமிழ் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும் வழமை இதுதான். குடி தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவின் ஓரத்தில் சின்னதாக ஒன்று போட்டு ஒதுங்குகிறார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. காலம் போகப் போக வளவு அக்கா தங்கைகளால் நிறைகிறது. நடுவில் ஒரு கிணறு.

ஒரு தகப்பனின் இருபது வருடம் சுவராகிறது.

சில வீடுகளில் அது உம்மாவின் இருபது வருடம். குவைத்தில். சவூதியில். இன்னொருத்தியின் குசினியில்.

*

மாப்பிள்ளை வந்து தங்கும் முதல் இரவை, அவர் பக்கத்திலிருந்து, எந்த நாவலிலும் வாசித்த ஞாபகம் இல்லை.

தெரியாத கிணறு. தெரியாத கட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமுகிறார். செருப்பை எங்கே கழற்றி வைப்பது என்று வாசலில் நிற்கும் ஒரு கணம். சிரிக்க வேண்டுமா என்று தெரியாத முகம்.

வெளியூரிலிருந்து வரும் மணப்பெண்ணுக்குத் தமிழில் எத்தனையோ பக்கங்கள். இந்த ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

*

பூவரச மரத்தில் காற்று. இலைகளின் அடிப்புறம் வெளுத்துத் திரும்புகிறது.

'மாதொருபாகன்' ஒரு பூவரசின் கீழ் தொடங்குகிறது. மாமனார் வீட்டு வாசலில் நிற்கும் மரம். அதை அங்கே நட்டவன் காளி. கலியாணமான புதிதில் கொண்டுவந்து நட்டது. பன்னிரண்டு வருடத்தில் அது வாசல் முழுக்க நிழல் விரித்திருக்கிறது.

மரம் வளர்ந்த அத்தனை வருடமும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பெருமாள்முருகன் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை. மரத்தை மட்டும் வர்ணிக்கிறார். நிழலில் காளி படுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

அந்த முதல் பக்கங்களுக்காகவே இந்த நாவலை நேசிக்கிறேன்.

*

காளியும் பொன்னாவும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். புருசனும் பொஞ்சாதியும் ஒருவரை ஒருவர் விரும்புவதைத் தமிழ் நாவலில் இத்தனை கிட்டத்தில் பார்ப்பது அபூர்வம். காதலை எழுதுகிறார்கள். முறிவை எழுதுகிறார்கள். பன்னிரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் ஆசையை எழுதுகிறவர்கள் குறைவு.

அந்த ஆசைக்கு வெளியே ஊர் நிற்கிறது. கேட்டுக்கொண்டே நிற்கிறது.

இங்கேயும் கேட்கிறது. கலியாண வீட்டில். மவுத்து வீட்டில். பெருநாளில். ஒன்றுமில்லையா இன்னும்?

கேட்கிறவளின் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. கேட்கப்பட்டவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறாள்.

*

திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள். அன்றிரவு பிள்ளையில்லாத பெண் மலையடியில் முகம் தெரியாத ஒருவனோடு சேரலாம் என்று ஒரு வழக்கம், நாவலுக்குள். அவளை அனுப்ப இரண்டு தாய்மாரும் தமையனும் முடிவெடுக்கிறார்கள். காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவுக்குச் சொல்லப்படுகிறது.

அவன் சம்மதிக்கவில்லை.

அவனுடைய சம்மதம் இன்னொருவர் வாயிலிருந்து அவளுக்கு வருகிறது. அதை நம்பி அவள் வண்டி ஏறுகிறாள்.

அந்த இடத்தில் நெடுநேரம் நிற்கிறேன். திருவிழாவை விட, மலையை விட, அந்த ஒரு சொல் கை மாறும் இடம்.

*

2010இல் வந்த நாவல். நாலு வருடம் கழித்து ஊர் அதை எரித்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மறுபடி எழுத வந்தார்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். இருபது பக்கத்துக்குள் எல்லாம் விலகிப் போகிறது. தொண்டுப்பட்டியில் மாட்டுக்குத் தீனி போடும் ஒருவன் மிஞ்சுகிறான்.

*

முடிவில் காளி தனியே.

பிறகு இரண்டு நாவல்கள். ஒன்றில் அவன் இறந்துபோகிறான். மற்றதில் உயிரோடு இருக்கிறான். 'ஆலவாயன்'. 'அர்த்தநாரி'. இரண்டும் அதே இரவிலிருந்து புறப்படுகின்றன.

ஒரே பொன்னா. ஒன்றில் கைம்பெண். மற்றதில், பேசாத ஒருவனின் மனைவி.

எது பாரம் என்று நாவல்கள் சொல்வதில்லை. நானும் எழுதாமல் விடுகிறேன்.

*

பாங்கு.

புத்தகத்துக்குள் ஒரு வேப்பிலை.

*

என் கலியாணத்துக்குக் காவின் எழுதும் நாள் நினைவுக்கு வருகிறது.

முன் விறாந்தையில் ஆண்கள். பாய் விரித்திருக்கிறது. அத்தர் வாசம் உள்ளறை வரை வருகிறது. நான் உள்ளே. கையில் மருதோன்றிச் சிவப்பு. வாப்பா வாசல் சீலையை விலக்கிக்கொண்டு வருகிறார். கேட்கிறார். தலை அசைக்கிறேன். அவர் வெளியே போகிறார்.

பிறகு குரல்கள். அரபு. தமிழ். என் பெயர் ஒருமுறை. பேனாவின் சத்தம் உள்ளறைக்குக் கேட்காது.

வாப்பாவின் கண் கலங்கியிருக்கிறது. அதை மட்டும் தெளிவாகப் பார்க்கிறேன்.

*

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். மாப்பிள்ளை ஒப்பம் வைக்கிறார். பெண்ணின் பொறுப்பாளரான வலி வைக்கிறார். சாட்சிகள் வைக்கிறார்கள். மணமகளின் ஒப்பத்தை அந்தச் சட்டம் கேட்பதில்லை.

அதைத் திருத்த 2009இல் ஒரு குழு. நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமை. 2018இல் அறிக்கை. அறிக்கைக்குள் இரண்டு அணி, இரண்டு கருத்து.

வீடு அவள் பேரில். காவின் புத்தகத்தில் அவள் கை இல்லை.

இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

*

காற்று கொஞ்சம் ஓய்கிறது.

ஆற்றுப் பக்கம் ஒரு தோணி. ஆள் நிமிர்ந்து நிற்கிறார். வலை வீசவில்லை. தண்ணீரைப் பார்க்கிறார்.

*

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004. தடித்த புத்தகம். மெல்ல நகர்கிறது. சொந்தக்காரர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. யார் யாருக்கு என்ன முறை என்று முதலில் பிடிபடுவதில்லை. கலியாண வீட்டுக்குள் திடீரென்று நுழைந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் தெரிகிறது.

திருச்சிப் பக்கத்துச் சின்ன ஊர். முஸ்லிம் பெண்கள். சமையல். வம்பு. உடம்பைப் பற்றிய பேச்சு. அந்தப் பேச்சுத்தான் இந்த நாவலின் உயிர். ஆண்கள் இல்லாத அறையில் கலியாணமான பெண்கள் பேசுகிற விதம். எனக்கு அந்த அறை தெரியும். அது இத்தனை விளக்கத்தோடு அச்சில் வரும் என்று நினைத்ததில்லை.

வாசிக்கையில் காது சுடுகிறது. வெட்கமா, வெயிலா.

*

அதில் ஃபிர்தவ்ஸ்.

கலியாணம் முடிந்து புருசனைப் பார்க்கிறாள். உன்னோடு வாழ முடியாது என்று சொல்லிவிடுகிறாள். அன்றே. அவன் முகத்துக்கு நேரே.

அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்காததால் அவள் மறுப்பும் பிந்தி வருகிறது. ஊரே பார்த்திருக்க, எல்லாம் முடிந்த பிறகு.

திரும்பி வருகிறாள். தாயின் வீட்டுக்கு. பக்கத்து வீட்டு ஆணோடு பழக்கம். அவன் வேறு மதம். தெரிந்துபோகிறது. பெற்ற தாயே அவளுக்கு நஞ்சு கொடுக்கிறாள்.

நாவல் அங்கே குரலை உயர்த்துவதில்லை. சிறுமி ராபியாவின் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு எல்லாம் விளங்குவதில்லை. விளங்காத கண்ணால் பார்த்ததால்தான் அது தாங்கக் கூடியதாக இருக்கிறது.

தாயின் கை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சோறூட்டிய கை.

*

இந்த நாவலில் ஆண்கள் மங்கலாக வருகிறார்கள். வாசலில் நிழல் விழுகிறது. பேச்சு நிற்கிறது. நிழல் போகிறது. பேச்சு தொடர்கிறது.

குறை என்று முதலில் படுகிறது. பாதிக்கு மேல் படவில்லை. அந்தப் பெண்களுக்கு அவர்கள் அவ்வளவுதான் தெரிகிறார்கள் போலும்.

எழுதியவரும் பூப்படைந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்தவர். வேறு பெயரில் எழுதியவர். ஒரு வீட்டின் சுவர்களை இத்தனை நிதானமாக எழுத, நெடுங்காலம் அவற்றையே பார்த்திருக்க வேண்டும்.

*

தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'. 1997இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

சௌதா மன்ஸில் என்று ஒரு பழைய வீடு. அதற்குள் முஸ்தபாக்கண்ணு, சாய்வு நாற்காலியில். வேலை இல்லை. நாக்குக்கு ருசி வேண்டும். வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார்.

அதபுப் பிரம்பு. பெண்களை அடிக்க அந்த வம்சம் வைத்திருக்கும் பிரம்பு. தலைமுறை தலைமுறையாக.

பிரம்பு விற்பனைக்கு வருவதில்லை.

*

அந்த நாவலில் மீரானின் மொழி இனிக்கிறது. தென்குமரிக் கரையின் பேச்சு. சில சொற்கள் மூத்தம்மாவின் வாயில் கேட்டவை. கடல் இடையில் இருந்தும் சொற்கள் வந்திருக்கின்றன.

அத்தனை இனிப்புக்குள்ளும் ஒரு பெண் அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

*

வீடு முஸ்தபாக்கண்ணுவுடையதாக இருந்தபடியால் அவர் விற்றார்.

இங்கே என்றால்?

இங்கேயும் உறுதியில் ஒப்பம் வாங்கி வீட்டை ஈடு வைத்த புருசன்மார் உண்டு. கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். கேட்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்வது லேசில்லை.

*

சுனாமிக்குப் பிறகு கிழக்கின் கரையில் புது வீடுகள் கொடுத்தார்கள். படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம். அதில் ஆணின் பெயர். தாய் மகளுக்குக் கொடுத்த வளவில், தண்ணீர் கொண்டுபோன வீட்டின் இடத்தில், புருசனின் பேரில் வீடு.

ஒரு கட்டம். ஒரு பேனா.

*

சிவகாமியின் 'ஆனந்தாயி'. புருசன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருகிறான். அதே கூரை. ஆனந்தாயி சமைக்கிறாள். இரண்டு பெண்களுக்கும் இடையில் பகையாகவும் இல்லாத, உறவாகவும் இல்லாத ஒன்று வளர்கிறது. அதுதான் நாவலில் எனக்குப் பிடித்த பகுதி. அதற்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார்.

இங்கே அப்படிக் கூட்டிக்கொண்டு வர முடியாது. வீடு புருசனுடையதில்லை.

ஆனால் போக முடியும். இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு. சைக்கிளில் பத்து நிமிடம்.

*

தலாக் ஆனால் அவர் போகிறார். பெட்டியோடு வந்தவர் பெட்டியோடு.

வீடு நிற்கிறது. பிள்ளைகள் நிற்கிறார்கள். கிணற்றடியில் அவருடைய சவர்க்காரத் துண்டு கொஞ்ச நாள் கிடக்கிறது.

அடுத்த வீட்டில் தங்கை. அதற்கடுத்த வீட்டில் தாய். இரவில் அழுதால் கேட்க ஆட்கள் உண்டு.

அது ஆறுதல்தான். சில இரவுகளில், யாருக்கும் கேட்காமல் அழ ஓர் இடமில்லாததும்தான்.

*

'அம்மா வந்தாள்'. 1966. ஜானகிராமன்.

எல்லோரும் அலங்காரத்தம்மாளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த அழகு. அந்தத் திமிர். மகனை வேதம் படிக்க அனுப்பித் தன் பாவத்தைக் கழுவ நினைக்கும் தாய். முடிவில் காசிக்குப் போகிறவள்.

நான் தண்டபாணியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். புருசன். அவருக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்தப் பிள்ளைகள் தனக்குப் பிறந்ததில்லை, எல்லாம். தெரிந்துகொண்டு அதே வீட்டில் சாப்பிடுகிறார். தூங்குகிறார். பாடம் சொல்கிறார்.

கோழை என்று எழுத வருகிறது. பேனா நிற்கிறது.

அவருடைய மௌனத்துக்குள் கோபம் இருக்கிறது. அன்பும் இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். ஜானகிராமன் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

*

காவிரிக் கரையின் தண்ணீர் ஓடுகிறது, அந்தப் பக்கங்களில்.

இங்கே ஆற்றுத் தண்ணீர் ஓடுவதில்லை. நிற்கிறது. உப்பும் நன்னீரும் அடியில் கலந்தபடி.

*

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு காலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியில் போயின. ஒன்று வரும்போது மற்றது கரையில் நின்றது.

இப்போது ரோட்டுக்குத் தனிப் பாலம்.

*

ஸர்மிளா ஸெய்யித்தின் 'பணிக்கர் பேத்தி'. ஏறாவூர். பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம்.

யானை பிடித்த பணிக்கர்மார் வாழ்ந்த ஊர். அந்த வழியில் வந்த ஒரு பெண்ணின் கதை. கலியாணம் அவளைத் தாங்கவில்லை. அவள் தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறாள்.

மற்ற நாவல்களில் ஒரு சிறு மொழிபெயர்ப்பு எனக்குள் நடந்துகொண்டே இருக்கும். அம்மாவை உம்மாவாக, கூடத்தை விறாந்தையாக. இதில் அது நிற்கிறது. நின்ற பிறகுதான் இவ்வளவு நேரமும் நடந்தது தெரிகிறது.

சில இடங்களில் கதையை ஓட்டமாகச் சொல்கிறார். இன்னும் நின்றிருக்கலாம். அந்தப் பெண் தனியே இருக்கும் ஒரு பகல் பொழுது, ஒன்றும் நடக்காத பொழுது, எனக்கு வேண்டியிருக்கிறது.

*

வாழைச்சேனைக்காரர் வை. அஹ்மத் 'புதிய தலைமுறைகள்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். இன்னும் கைக்கு வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்து நாவல். காத்திருக்கிறேன்.

அதே ஊரில்தான் கடதாசி ஆலை. 1956இல் தொடங்கியது. வைக்கோலிலிருந்து கடதாசி. வயலில் அறுத்தது தாளாகிப் பள்ளிக்கூடக் கொப்பியானது.

தாளை மூக்கருகே கொண்டுபோகிறேன். வைக்கோல் வாசம் இல்லை. மை வாசம்.

*

மரியாமா பா. செனகல். 1979. 'ஸோ லாங் எ லெட்டர்'. ஒரே ஒரு நீண்ட கடிதம். ஆங்கிலத்தில் வாசிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பக்கம்.

ரமத்துலாய் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும். புருசன் இறந்துவிட்டான். இறப்பதற்குச் சில வருடம் முன்பே இன்னொருத்தியை முடித்துக்கொண்டு போய்விட்டான். அந்த இன்னொருத்தி அவளுடைய மூத்த மகளின் தோழி. பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற வீட்டை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

போனவனுக்காக அவள் இத்தா இருக்கிறாள். அறைக்குள். அறைக்குள்ளிருந்து தோழிக்கு எழுதுகிறாள். தோழிக்கும் இதே நடந்தது. தோழி நிற்கவில்லை. ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறினாள்.

ஒருத்தி நின்றாள். ஒருத்தி போனாள். நாவல் இருவரையும் ஒரே அன்போடு பார்க்கிறது. தராசு எதுவும் அதன் கையில் இல்லை.

வாசித்த எல்லாவற்றிலும் இது என் மனசுக்கு மிகக் கிட்ட. எழுதியவர் 1981இல் இறந்துபோனார். இரண்டாவது நாவல் அச்சில் வருவதைப் பார்க்காமல்.

*

நாற்பதாம் நாள். புருசனின் தமையன் வந்து அவளைத் தான் முடிக்கப்போவதாகச் சொல்கிறான். கேட்கவில்லை. அறிவிக்கிறான்.

அவள் பேசுகிறாள். அத்தனை வருடம் பேசாதவள்.

அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை வாசிக்கிறேன். வெளியில் மேசனின் கரண்டி நிற்கிறது. பிளேன்டீ நேரம்.

*

இத்தா என்றதும் மஜ்மா நகர்.

ஊரின் ஓரம். 2021 மார்ச் 5 முதல் கொவிட்டில் மரித்தவர்களை அங்கே அடக்கினார்கள். அதற்கு முன் ஏறத்தாழ ஒரு வருடம், எரிக்க மட்டுமே அனுமதி. பிறகு நாடு முழுவதிலிருந்தும் இங்கே கொண்டுவந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் முஸ்லிம்கள். மற்றச் சமயத்தவரும் சிலர்.

எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் இத்தாவில் இருக்கிறாள். அவளுடைய புருசன், அவர் ஒருநாளும் வந்திராத ஓர் ஊரின் மண்ணில். அவளும் வந்திராத ஊர்.

பிறகு வருகிறார்கள். வேனில், பிள்ளைகளோடு. இலக்கமிட்ட கற்களுக்கு நடுவே தேடுகிறார்கள். கடைத்தெருவில் நிறுத்தித் தண்ணீர்ப் போத்தல் வாங்குகிறார்கள். வழி கேட்கிறார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேனின் பின் இருக்கையில் இருக்கும் முகம்.

நாற்பது வருடம் கூட வாழ்ந்திருப்பாள். ஐந்து வருடமாகவும் இருக்கலாம். முகத்தில் அது தெரிவதில்லை.

அந்த முகத்துக்கு நாவல் வரும் என்று நினைக்கிறேன். வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

*

நாவல்கள் சண்டையை எழுதுகின்றன. பிரிவை எழுதுகின்றன. துரோகத்தை.

ஒன்றும் நடக்காத என் கலியாணம் பக்கத்து அறையில் தூங்குகிறது. மின்விசிறி சுழல்கிறது. அவருடைய கால் கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்கிறது. குதிகாலில் வெடிப்பு.

வந்த புதிதில் தலையணையை இரண்டாக மடித்துப் படுப்பார். எப்போது விட்டார் என்று தெரியவில்லை.

இந்த வீட்டைத் தன் வீடு என்று அவர் சொல்வது ரோட்டில் யாரும் கேட்கும்போது. என்னிடம் சொல்லும்போது, வீடு.

*

அவர் நாவல் வாசிப்பதில்லை. மேசையில் கிடக்கும் புத்தகத்தை எடுத்துப் பின் அட்டையைப் பார்க்கிறார். வைக்கிறார். சோகமா என்று கேட்கிறார்.

கொஞ்சம் என்கிறேன்.

அடுத்த முறை கொழும்புக்குப் போனால் என்ன பெயர் வாங்கிவர என்று கேட்கிறார்.

*

ஞானாம்பாளிடம் திரும்பிப் போகிறேன். மிச்சம் இருக்கிறது.

ஆண் உடையில் அவள் ஒரு நாட்டையே ஆள்கிறாள். நீதி சொல்கிறாள். புருசன் சிறையிலிருந்து அவள் முன்னால் வருகிறான்.

1879இல் வெளிவந்த நாவலில், முன்சீப்பாக இருந்த ஒருவர் இதை எழுதுகிறார். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் ஒரு பெண்ணை இருத்தி. இங்கே காதி நீதிமன்றத்தில் இன்றைக்கும் அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி காதியாக இருப்பவர் ஆண்.

நாவலில் கதைப் போக்கு அங்கங்கே நம்பும்படி இல்லை. உபதேசம் நீள்கிறது. தாள் தாளாகத் தாண்டலாம். ஆனால் அவள் நாற்காலியில் அமரும் இடத்தில் முதுகு நிமிர்கிறது.

*

ராத்தாவின் மகள் வந்து நிற்கிறாள். முக்காட்டில் சீமெந்துத் தூசி.

"சாச்சி, அந்தத் தடிச்ச புத்தகத்தத் தாங்களேன்."

சல்மாவைக் கொடுக்கிறேன். கொடுக்கலாமா என்ற எண்ணம் வருகிறது. போகிறது. இந்த வயசில் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

கூரை போடாத அறைக்குள் கல்லில் அமர்ந்து வாசிக்கிறாள். சுவர்களுக்கு மேலே வெறும் வானம். தலையில் வெயில். இடம் மாறி உட்கார்கிறாள். நிழலோடு நகர்கிறாள்.

*

சில நாள் அவளிடமிருந்து பேச்சில்லை. புத்தகத்தின் நடுவில் ஒரு பஸ் டிக்கட் செருகியிருக்கிறது. அது ஒவ்வொரு நாளும் தள்ளிப் போகிறது.

ஃபிர்தவ்ஸ் வரை வந்திருப்பாள்.

நான் கேட்பதில்லை.

*

மஃரிபுக்குப் பிறகு எல்லோரும் விறாந்தையில். மச்சான் ஓட்டுக் கணக்குப் பார்க்கிறார். எத்தனை ஓடு, எத்தனை பீலி. ராத்தா அரிசி புடைக்கிறார்.

"வாப்பா, காவின் புத்தகத்தில நானும் ஒப்பம் வெக்க ஏலுமா?"

சுளகு நிற்கிறது.

மச்சான் கணக்குத் தாளிலிருந்து தலையை எடுக்கிறார். மகளைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். கோபம் இல்லை. வெக்கக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று யோசிக்கிற முகம்.

"நம்மட பக்கத்தில அப்படி ஒருத்தரும் கேட்டதில்லயே மகள்."

"நான் கேக்கன்."

சுளகு மறுபடியும் அசைகிறது.

மச்சான் பேனாவை மூடுகிறார். போனை எடுத்து விவாகப் பதிவாளரின் நம்பரைத் தேடுகிறார்.